ஏகாதசியன்று எண்பது இலைச் சோறு

எண்பது பேருக்குச் சிவப்பு மட்டை அரிசிச் சோறும் பாலடைப் பிரதமன் பாயசமும் ஏகாதசியன்று ஏற்பாடு செய்த மனிதன் பாரதப்புழையின் இரண்டு கரையிலும் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. இருந்தால் அவரை நான் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் ஒரு டீ குடிக்க வேண்டும்.

தப்பு காலண்டருடையது அல்ல, என்னுடையது. எங்கள் திருச்சூர் ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரம், திதி, ராகுகாலம், எந்தக் கோவிலில் கொடியேற்றம் என்று எறும்பு ஊர்வதுபோல அச்சடித்திருக்கும். விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, பிறந்த மறுநாள் கட்டத்தில் உத்திரட்டாதி என்று பார்த்தேன். என் மாமனார் ராவுண்ணி நாயருக்கு விருச்சிகத்து உத்திரட்டாதி. இந்த வருடம் எழுபது நிறைகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இதைவிட என்ன வேண்டும் என்று சமையல்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். அதே கட்டத்தில் உத்திரட்டாதிக்குக் கீழே ‘ஏகாதசி’ என்றும் இருந்தது. ஆனால் அதன்மேல் யாரோ தடித்த மார்க்கர் பேனாவால் கேஸ் சிலிண்டர் புக் செய்த நம்பரைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கேஸ் புக் செய்கிறவன் நான்.

இதை ஏன் சுஷமாவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என்னைத் தெரிந்த எல்லாரும் கேட்டுவிட்டார்கள், நீங்களும் கேளுங்கள். சுஷமா என் மனைவி. வருடத்தில் எந்த நாளில் எந்த விரதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளிடம் கேட்டிருந்தால் விஷயம் அதே நிமிடம் அவள் அப்பாவின் காதுக்குப் போயிருக்கும். அவர் காதுக்குப் போனால் அவர் பஞ்சாங்கத்தைத் திறப்பார். அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

போன வருடம் மிதுன மாதத்து மழையில் அச்சன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். (மாமனாரை நானும் அச்சன் என்றுதான் கூப்பிடுகிறேன்.) எலும்பு முறியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஹம்சா வந்து தூக்கும்வரை மழையில் கிடந்தார். தங்கமணியம்மை, அதாவது என் மாமியார், போனபிறகு லக்கிடியில் அந்த வீட்டில் அவர் தனி ஆள். அன்றிலிருந்து சுஷமா தூங்குவதில்லை. தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு படுக்கிறாள். காலையில் அவர் எடுக்க இரண்டு மணியடிப்பு தாமதமானால் என் கையில் கார் சாவியைத் திணிக்கிறாள். போதாததற்குச் சனிக்கிழமையும் நோன்பு ஆரம்பித்தாள், அச்சன் விழாமல் இருக்க. ஏகாதசி, ஷஷ்டி, பிரதோஷம், திங்கட்கிழமை இவற்றோடு சனிக்கிழமையும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்புக்கு எத்தனை நாள் வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சன் எங்களோடு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அவருக்கென்று அறை தயார். கேட்கவும் செய்தேன். அச்சன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. “யோசிப்போம்” என்றார். கர்க்கடகத்தில், ஆடி மாதத்தில், யாராவது வீடு மாறுவார்களா என்றார். நியாயம்தான். சிங்கத்தில் ஓணம், திருக்காக்கரையப்பன் மண் உருவத்தை வைக்க முற்றத்தில் ஆள் வேண்டாமா என்றார். கன்னியில் குடி பெயர்ந்தால் ஆகாது என்றார். துலாத்தில் ஆயில்யம், பாம்புக்காவில் நாகருக்குப் பால் வைக்காமல் எப்படி வருவது. விருச்சிகத்தில் சபரிமலை மண்டல விரதம். தனுவில் திருவாதிரை, அது தங்கமணியின் நாள். மகரத்தில் தைப்பூசம், கும்பத்தில் சிவராத்திரி, மீனத்தில் ஊர்ப் பூரம், மேடத்தில் விஷு. விஷு முடிந்து நான் காரோடு போய் நின்றபோது, இடவ மாதப் பாதி மழை இறங்கப் போகிறது, தென்னையைச் சுற்றி மழைநீர் நிற்கத் தடம் எடுக்க வேண்டும் என்றார். தடம் எடுத்து முடிப்பதற்குள் மறுபடி கர்க்கடகம் வந்துவிட்டது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்தைக்கூட எனக்கு அவர் காலியாக விடவில்லை.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். மனிதர்களிடம் ‘சரி’ வாங்குவதுதான் என் பிழைப்பு. சாக விருப்பமே இல்லாதவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் சர்வே ஆபீஸில் முப்பது வருடம் எல்லைக்கல் நட்ட அச்சனிடம் ஆம், இல்லை என்று ஒரு எல்லைக்குள் பதில் வாங்க என்னால் முடியவில்லை.

அதனால்தான் சதி செய்தேன். பிறந்தநாளுக்கு உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் அவர் முற்றத்திலேயே கூட்டி, இலை போட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டால் அந்த மனிதர் எங்கே ஓடுவார். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். யாரிடமும் வாய் திறக்காதீர்கள், சுஷமாவுக்கும் தெரியாது என்று சொல்லி வைத்தேன். எல்லாரும் “ஞாயிற்றுக்கிழமையா” என்று ஒரு கணம் நிறுத்திவிட்டு, பிறகு வருகிறேன் என்றார்கள். அந்த ஒரு கணத்தின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுஷமாவின் புருஷனுக்கு ஏகாதசி தெரியாமலா இருக்கும், கோதுமையில் ஏதோ விசேஷமாகச் செய்கிறான்போல என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். என்னை இவ்வளவு மதிக்கிறார்கள் என்று அதற்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மதிப்பை வேறு எதற்காவது பயன்படுத்தியிருப்பேன்.

சனிக்கிழமை மாலை சுஷமா ஒரு நேந்திரம்பழத்தை நாலாக நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொல்ல அதுதான் நல்ல நேரம் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குக் காலையில் லக்கிடிக்குக் கிளம்பணும், உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

“ஜயேட்டா, நாளைக்கு என்ன?” என்றாள்.

“ஞாயிறு.”

“ஞாயிறு எல்லா வாரமும் வருது. நாளைக்கு என்ன?”

“அச்சனோட பிறந்தநாள். உத்திரட்டாதி.”

“மாசத்துல ஒரு நட்சத்திரம் ரெண்டு தடவை வந்தா ரெண்டாவதுதான் பிறந்தநாள். இந்த மாசக் கடைசியில இன்னொரு உத்திரட்டாதி இருக்கு. சரி, அது கிடக்கட்டும்.” பழத்தில் ஒரு துண்டை எடுத்தவள் அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். “என்ன சமையல்?”

சொன்னேன். பரிப்பு, சாம்பார், காளன், ஓலன், எரிசேரி, அவியல். சோறு. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பெருமையால் என்று நினைத்துப் பாலடையையும் சேர்த்துச் சொன்னேன்.

“நாளைக்கு ஏகாதசி” என்றாள் சுஷமா. “இன்னிக்குச் சனி, அதோட தசமி. அதனாலதான் நான் ஒரு வேளைச் சோத்தோட நிறுத்தியிருக்கேன். நேத்து சாயங்காலமே சொன்னேன் உங்ககிட்ட. நீங்க ஊம் கொட்டினீங்க.”

கொட்டியிருப்பேன். விரதம் பற்றிய எல்லாத் தகவலுக்கும் நான் ஊம் கொட்டுவது வழக்கம். அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்பது என் அனுபவம்.

காலண்டர் முன்னால் போய் நின்றேன். கேஸ் நம்பருக்கு அடியிலிருந்து ஏகாதசியின் கடைசி எழுத்து மட்டும் காலை நீட்டிக்கொண்டிருந்தது.

சமையல்காரர் பங்கஜாக்ஷனுக்குப் போன் செய்தேன். ஒற்றப்பாலத்தில் அவருக்குச் சமையல்கூடம். தேங்காய் துருவியாகிவிட்டது, பூசணி நறுக்கியாகிவிட்டது, அரிசி மூட்டை இறங்கிவிட்டது என்றார். அரிசி வேண்டாம் என்றேன். மறுமுனையில் அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் பொறுமையாக, “ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள்தானான்னு நான் கேட்டேன் சார். எல்லாருக்கும் லீவுன்னு சொன்னீங்க” என்றார். கடைசியில், நொறுக்குக் கோதுமை வேகவைத்து ஒரு பக்கம் வைக்கலாம், நோன்பு இல்லாதவர்கள் சோறு சாப்பிடட்டும் என்று முடிவானது. பாலடை? அடையே அரிசி மாவில் செய்வதுதான். கோதுமைப் பிரதமனும் ஒரு உருளி போட்டார். நோன்பு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நாலைந்து கிழவர்கள் இருப்பார்கள் என்றேன். அன்றைக்கு நான் செய்த இரண்டாவது தப்பு அது.

ஞாயிறு காலை பந்தல்காரர்களோடு நாங்கள் போய் இறங்கியபோது அச்சன் முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வெற்றுடம்பு, தோளில் ஈரிழைத் துண்டு. கழி நடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மூன்றாவது கழி ஹம்சாவின் நிலத்தில் ஒரு சாண் போகிறது என்றார். நகர்த்தி நட்டார்கள். அதன்பிறகுதான் என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “ரெண்டாவது உத்திரட்டாதிதானே?” என்றார். இதை அன்று கேட்ட முதல் ஆள் அவர். கடைசி ஆள் கார் பார்க்கிங் பார்த்த பையன்.

பதினொன்றரைக்கெல்லாம் முற்றம் நிறைந்துவிட்டது. எல்லாரையும் வரவேற்றுச் சோறா கோதுமையா என்று கேட்டு உட்கார வைப்பது என் பொறுப்பு. அங்கேதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். தனித்தனியாகப் பார்த்தால் நோன்பு இல்லாத மனிதர்கள், எண்பது பேராகக் கூடினால் ஒருவர் விடாமல் நோன்பு இருக்கிறார்கள். சோற்றுப் பந்தியில் உட்கார ஒரு மனிதர் வரவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தார்கள், மனைவி மாமியார் முகத்தைப் பார்த்தாள், எல்லாரும் கோதுமைப் பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். சுஷமாவின் தாய்மாமன் பார்கவன், எல்லாருக்குமே அவர் அம்மாவன்தான், போன வாரம்தான் குளப்புள்ளிக் கள்ளுக்கடையில் என் எதிரே உட்கார்ந்து மீன் தலையை உறிஞ்சியவர். ஏகாதசியன்று ஒரு பருக்கை உள்ளே போனால் என்னென்ன ஆகும் என்று அவர்தான் கணீரென்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஜயகோவிந்தா, நீ சோத்துப் பந்திக்குப் போ” என்றார் என்னிடம். “உனக்குத்தான் பாவ புண்ணியம் கிடையாதே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளங்கையில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு எரிச்சல். கோதுமை பாதிப் பந்திக்கே தீர்ந்துபோயிற்று. மீதிப் பேருக்குப் பங்கஜாக்ஷன் மரச்சீனிக் கிழங்கும் சேம்பும் வேகவைத்துக்கொண்டுவந்தார். காளனை மரச்சீனியில் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களை என் ஆயுளில் முதல்முறையாகப் பார்த்தேன். நடுவில் அண்டாவில் சோறு, ஆவி பறக்க, இளஞ்சிவப்புக் குன்று மாதிரி. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

குத்துவிளக்குக்கு முன்னால் தலைவாழையிலையில் அச்சன் உட்கார்ந்திருந்தார். சந்தனக்குறி, புது முண்டு. சுஷமா அவருக்குக் கரண்டியால் கோதுமை போட்டாள். அவர் அதை விரலால் மெதுவாகப் பிசைந்தார். ஏதோ பழைய நண்பனின் சங்கதியை விசாரிப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

திட்டம் எப்படிக் குலைந்தாலும் கேள்வியை விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பிரதமன் வந்ததும் எழுந்து நின்றேன். அச்சனுக்கு எழுபது ஆகிறது, அவர் இனி எங்களோடு இருக்க வேண்டும் என்பது சுஷமாவின் ஆசை, என் ஆசை, இங்கே எல்லாருடைய ஆசையும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சுஷமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே நின்றாள்.

அச்சன் பிரதமனை விரலால் வழித்து ஒரு வாய் சாப்பிட்டார். முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது.

“யோசிப்போம், மோனே” என்றார். “நேத்துதானே மண்டலம் பிறந்துருக்கு.”

“அதுவும் சரிதான்” என்றார் அம்மாவன்.

அதுவும் சரிதான், அதுவும் சரிதான் என்று பந்தி முழுவதும் ஒரு அலைபோல ஓடியது. சுஷமா திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரவும் தோன்றவில்லை. பரிமாறுகிற பையன் வந்து, சார் தள்ளி நில்லுங்க, மோர் கொண்டுபோகணும் என்றபோதுதான் நகர்ந்தேன்.

இரண்டு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பாதிப் பேர் போகிறபோது, மாசக் கடைசி உத்திரட்டாதிக்கும் வந்துவிடுகிறோம் என்று ஆறுதல் சொன்னார்கள். சுஷமா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அழுதிருக்கிறாள். மண்டலம் முடிந்து கேட்கலாம் என்றேன். முடிந்தால் திருவாதிரை என்றாள். தலை சுற்றுகிறதா, ஒரு வாய் மோராவது குடி என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அண்டாச் சோற்றை என்ன செய்வது என்று பங்கஜாக்ஷனிடம் கேட்கப் பின்பக்கம் போனேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் விறகுக் கொட்டகையில் அவர் தற்காலிக அடுப்பு போட்டிருந்தார். ஆளைக் காணவில்லை. கொட்டகைக்குள்ளே தேங்காய் துருவும் சிரவைப் பலகைமேல், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். புது முண்டு. தோளில் ஈரிழைத் துண்டு.

மடியில் இலை. இலையில் சோறு. சோறு என்றால் ஒப்புக்கு ஒரு பிடி இல்லை, குவித்து வைத்த சோறு, நடுவில் குழி பறித்துச் சாம்பார், ஓரத்தில் பப்படம் இரண்டு. என் மாமனார் பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் தூவிப் பிசைந்து உருட்டி, வாயில் வைத்துக் கண்ணை மூடினார். அப்படி ஒரு முகத்தை நான் குருவாயூர் நடையில்கூடப் பார்த்ததில்லை.

“அச்சா” என்றேன்.

திடுக்கிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினார்.

“சுஷமா தூங்கறாளா?”

“படுத்திருக்கா. அச்சா, இன்னிக்கு ஏகாதசி.”

“தெரியும். அந்தக் கோதுமையைத் தின்னதே அதனாலதானே” என்றார். “நில்லாதே, உக்காரு. நிழல் விழுது இலையில.”

ஒரு விறகுக் கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் எதைச் செய்வதென்று தெரியவில்லை. அப்படியென்றால் இந்த ஒன்றரை வருடமும் சொன்ன ஆயில்யமும் தைப்பூசமும் சிவராத்திரியும் எல்லாம் பொய்யா என்று கேட்டேன்.

“பொய் எதுக்கு. எல்லாம் பஞ்சாங்கத்துல இருக்கே” என்றார். “நான் நோன்பு இருக்கேன்னு உன்கிட்ட எப்பவாவது சொன்னேனா?”

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. நாள்களின் பெயரை மட்டும்தான் சொன்னார். மீதியை நான் போட்டுக்கொண்டேன். எல்லைக்கல்லை அவர் நட்டார், நிலத்தை நான் அளந்தேன்.

அவர் இன்னொரு உருண்டை சாப்பிட்டார். பிறகு, நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். கல்யாணமான முதல் திங்கட்கிழமையே தங்கமணி அவருக்காக நோன்பு இருந்தாளாம். புருஷன் ஆயுசுக்கு. பெண்டாட்டி தனக்காகப் பட்டினி கிடக்கும்போது எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று அவரும் இருந்திருக்கிறார். அவரும் இருப்பதைப் பார்த்து, புருஷனுக்கு இதில் பிரியம்போல என்று அவள் ஏகாதசியைச் சேர்த்தாள். பிறகு பிரதோஷம். பிறகு ஷஷ்டி. இருவரும் ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடந்தே காலம் போய்விட்டது.

“ஆபீஸ்ல, வெளியில எங்கயாவது சாப்பிட்டிருக்கலாமே” என்றேன். எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். ஏகாதசி மதியம் திருச்சூர் சக்தன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் எனக்கென்றே ஒரு மூலை மேஜை உண்டு.

“ஒரு நாள் போனேன். இலை போட்டாங்க. அவ வீட்டுல வெறும் வயித்தோட துணி துவைச்சிட்டு இருப்பான்னு தோணிச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்” என்றார். “அவ இருக்கறவரைக்கும் ஒரு பருக்கை திருடித் தின்னதில்ல. எனக்குப் பசிக்குதுன்னு அவகிட்டச் சொன்னதும் இல்ல. சொல்லியிருக்கணும். சொன்னா அவளும் ரெண்டு வாய் தின்னிருப்பா.”

கொட்டகைக்கு வெளியே பங்கஜாக்ஷனின் தலை தெரிந்தது. கையில் சின்னக் கிண்ணத்தில் பாலடை. என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பப் போனார். “கொண்டா, கொண்டா. மோனுக்குத் தெரிஞ்சாச்சு” என்று அச்சன் கூப்பிட்டார். அவர் வந்து கிண்ணத்தை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, சாருக்கும் ஒரு இலை போடட்டுமா என்று கேட்டார். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போடச் சொன்னேன்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது. எண்பது பேர் மூக்கைத் திருப்பிக்கொண்டு போன சோறு.

சாப்பாடுதான் பிரச்சினை என்றால் அது பிரச்சினையே இல்லை என்று எனக்கு உற்சாகமாகிவிட்டது. திருச்சூரில் அந்த ஹோட்டலைப் பற்றிச் சொன்னேன். நோன்பு நாளில் லைப்ரரிக்குப் போகிறோம் என்று சொல்லி இரண்டு பேரும் கிளம்பிவிடலாம், மூலை மேஜையில் இரண்டு நாற்காலி இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். உடம்பு குலுங்கியதில் இலை மடியிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டார்.

“நீ போவே. உனக்கு அவ பெண்டாட்டி” என்றார். “எனக்கு நான் தூக்கி வளர்த்த பொண்ணு. அவ உதடு காய்ஞ்சு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு லைப்ரரிக்குப் போக எனக்கு வராது. நானும் கூடக் கிடப்பேன். என்னைப் பாத்துட்டு அவ இன்னும் ரெண்டு நாளைச் சேர்ப்பா.”

“ஏற்கெனவே சேர்த்துட்டா” என்றேன். சொல்லக்கூடாது என்றுதான் வைத்திருந்தேன், வாய் முந்திக்கொண்டது. “சனிக்கிழமை. நீங்க விழுந்ததுல இருந்து. உங்களுக்காக.”

உருட்டிய சோறு அவர் கையில் நின்றது. அதை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, இலையிலும் வைக்கவில்லை. முற்றத்தில் பந்தல் பிரிக்கிறவர்கள் கழியைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

“எனக்காகவா” என்றார்.

“ஆமாம். நேத்து சனி, தசமி. இன்னிக்கு ஏகாதசி. ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல. உள்ள படுத்திருக்கா.”

அவர் அந்த உருண்டையை இலை ஓரத்தில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். எல்லாம் கெட்டுப்போயிற்று, இந்த மனிதர் மறுபடி பட்டினி ஆரம்பிப்பார், நான் இன்னொரு கட்டத்தின் மேல் கிறுக்கிவிட்டேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் நேராகக் கேட்டேன். மாதம் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும் என்றேன். வருவீங்களா, மாட்டீங்களா?

அச்சன் இலையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“வரமாட்டேன்” என்றார். “இந்த மாசமும் இல்ல, எந்த மாசமும் இல்ல. எனக்கு இங்க நல்லா இருக்கு. பசிச்சா சாப்பிடறேன். விழுந்தா ஹம்சா இருக்கான். அவளுக்குப் பயமா இருந்தா வாராவாரம் இங்க வந்து என்னைப் பாக்கட்டும். சனிக்கிழமையே வரட்டும். வரும்போது சாப்பிட்டுட்டு வரணும்னு அச்சன் சொன்னதாச் சொல்லு.”